பொதுப் பூங்கா விதிகள்: பலகையில் இருப்பவையும் இல்லாதவையும்

பூங்கா விதி என்றதும் வாசலில் இருக்கும் பலகைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். பூக்களைப் பறிக்காதீர், குப்பை போடாதீர், நாய்களுக்கு அனுமதி இல்லை, காலை இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை. அத்தனை வரியும் உள்ளே வருகிறவர்களைப் பார்த்துச் சொல்வது. நகராட்சி என்ன செய்ய வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று ஒரு வரிகூட அங்கே இருக்காது. சட்டத்தைப் புரட்டினால் நிலைமை வேறு. பூங்காவைப் பற்றிய கனமான விதிகள் நகராட்சியையும் அரசையும்தான் கட்டிப்போடுகின்றன. தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ மனை வாங்கி வீடு கட்டிக் குடிவந்த பிறகு, "வரைபடத்தில் பார்க் என்று போட்டிருக்கிறது, நேரில் போய்ப் பார்த்தால் சீமைக்கருவேலம் நிற்கிறது" என்று சொல்கிறவர்கள் நிறைய. அவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியது இந்தப் பகுதிதான். அங்கிருந்தே தொடங்குவோம்.

அந்த இடம் எங்கிருந்து வந்தது?

நகரின் பழைய பூங்காக்கள் அரசு நிலத்தில் உருவானவை. கடந்த சில பத்தாண்டுகளில் வந்த சிறு பூங்காக்களில் பெரும்பாலானவை மனைப்பிரிவுகளிலிருந்து கிடைத்தவை. ஒருவர் நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்க அனுமதி கேட்கும்போது, அதில் ஒரு பங்கைப் பொதுமக்களுக்கான திறந்தவெளியாக விட்டுத்தர வேண்டும். ரியல் எஸ்டேட் ஆட்கள் இதை ஓ.எஸ்.ஆர். என்பார்கள். நம் பக்கத்தில் 'பார்க் சைட்' என்றால் எல்லோருக்கும் புரியும்.

இப்போது நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் வந்தவை. அவற்றின்படி 3,000 சதுர மீட்டர் வரை, அதாவது சுமார் 74 சென்ட் வரை, இப்படி விடவேண்டிய கட்டாயம் இல்லை. 3,000-இலிருந்து 10,000 சதுர மீட்டர் வரை சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தை விட வேண்டும். இடமாகத் தர முடியாவிட்டால் அதற்கு ஈடான மதிப்பைப் பணமாகக் கட்டலாம். 10,000 சதுர மீட்டரைத் தாண்டிவிட்டால், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு மேல் போனால், பணம் கட்டித் தப்பிக்க வழியில்லை. இடத்தையே தர வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 ஏக்கர் நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சுமார் 20,234 சதுர மீட்டர். சாலைகளுக்கு 5,234 போனால் மீதி 15,000. அதில் 10 சதவீதம் 1,500 சதுர மீட்டர், நம் கணக்கில் 37 சென்ட். 37 சென்ட் என்பது சின்ன இடம் இல்லை. சுற்றி நடைபாதை போட்டு, நடுவில் ஊஞ்சல், சறுக்குமரம் வைத்து, ஓரமாகப் பத்துப் பதினைந்து மரம் நட்ட பிறகும் இடம் மிஞ்சும்.

இந்த இடத்தை மனைப்பிரிவு போட்டவர் பதிவு செய்யப்பட்ட தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு இலவசமாக எழுதித்தர வேண்டும். பத்திரம் பதிவானதும் அது அவருடைய சொத்தாக இருப்பது முடிந்துவிடுகிறது. வரைபடத்தில் பச்சை அடித்து 'பூங்கா' என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது என்று சொல்வது இதனால்தான். தானப் பத்திரம் பதிவானதா என்பதுதான் கேள்வி. பதிவுத்துறையின் இணையதளத்தில் அந்தப் புல எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டால், நகராட்சி அல்லது ஊராட்சியின் பெயருக்கு எழுதிய தானப் பத்திரம் அதில் வரும். வரவில்லை என்றால் உடனே விசாரிக்க வேண்டும். பத்திரம் எழுதாமல் கிடக்கும் பார்க் சைட்டைச் சில வருடம் கழித்து யாரோ ஒருவர் மனையாக விற்க முயல்வது தமிழ்நாடு முழுக்க நடக்கிற கதை. அங்கீகாரமே இல்லாத மனைப்பிரிவில் வாங்கியவர்களுக்கு இந்தப் பேச்சே கிடையாது. அங்கே பூங்கா என்று ஒன்று விடப்பட்டிருக்காது, விட்டிருந்தாலும் அது வாய்வார்த்தைதான். மனை வாங்கும்போது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வதில், நாளை உங்கள் பிள்ளைகள் விளையாடப்போகும் இடமும் அடங்கியிருக்கிறது.

பூங்கா பூங்காவாகவே இருக்க வேண்டும்

சரி, இடம் நகராட்சியின் கைக்கு வந்துவிட்டது. இனி அது நகராட்சியின் விருப்பமா? அப்படி இல்லை. தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் என்று ஒன்று 1959-லேயே இயற்றப்பட்டது. தன் எல்லைக்குள் இருக்கும் பூங்காக்கள், திடல்கள், திறந்தவெளிகள் எவை என்று உள்ளாட்சி பட்டியல் தயாரிக்க வேண்டும். பட்டியலில் ஏறிய இடத்தை அரசின் முன் அனுமதி இல்லாமல் வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதுதான் அதன் சாரம். அறுபது வருடத்துக்கும் மேலாக இருக்கும் சட்டம். ஆனாலும் வார்டுக்குள் பத்துப் பேரைக் கேட்டால் ஒருவருக்குத் தெரிந்திருந்தாலே அதிசயம்.

இந்த விதிக்கு நம் பக்கத்து ஊரிலேயே பெரிய உதாரணம் ஒன்று இருக்கிறது. பெங்களூரில் ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கென்று ஒதுக்கியிருந்த இடத்தை, 1970-களில் தனியார் மருத்துவமனை கட்ட ஒரு அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார்கள். அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். உச்ச நீதிமன்றம் வரை போன அந்த வழக்கில் 1991-இல் தீர்ப்பு வந்தது. ஒதுக்கீடு செல்லாது, பூங்கா இடம் பூங்காவுக்கே என்று நீதிமன்றம் சொன்னது. மருத்துவமனை நல்ல காரியம்தானே என்ற வாதம் எடுபடவில்லை. இன்னொரு விஷயமும் அதில் முடிவானது. அந்தப் பகுதியில் குடியிருப்பவர்களுக்கு இப்படி வழக்குத் தொடுக்க உரிமை உண்டு. பூங்கா என் பெயரில் இல்லையே, நான் எப்படிக் கேட்பது என்று தயங்குகிறவர்கள் இந்தத் தீர்ப்பை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நம் ஊர்களில் பூங்கா இடத்தைக் கேட்டு வருகிறவை பெரும்பாலும் நல்ல காரியங்களே. அங்கன்வாடி, ரேஷன் கடை, மேல்நிலைத் தொட்டி, சமுதாயக் கூடம். வேறு இடம் தேட அலுப்பாக இருப்பதால் காலியாகத் தெரியும் பார்க் சைட்டில் கை வைக்கிறார்கள். என்னைக் கேட்டால், மரம் நட்டு வேலி போடாமல் பல வருடம் சும்மா விட்டு வைப்பதுதான் இதற்கெல்லாம் முதல் காரணம். காலி இடம் என்றால் யாருக்கும் ஒரு யோசனை வரும். நடைபாதையும் ஊஞ்சலும் இருக்கிற இடத்தில் அவ்வளவு சுலபமாக யாரும் அஸ்திவாரம் தோண்ட வரமாட்டார்கள்.

வழிபாட்டுக் கட்டடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பேசத் தயங்குகிற விஷயம். பொதுச் சாலை, பொதுப் பூங்கா, மற்ற பொது இடங்களில் எந்த மதத்தின் பேரிலும் அனுமதியில்லாத வழிபாட்டுக் கட்டடம் புதிதாக எழுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. எல்லா மதத்துக்கும் ஒரே உத்தரவு. மரத்தடியில் ஒரு கல் வைத்து மஞ்சள் பூசும்போதே பேசித் தீர்த்துக்கொண்டால் மனக்கசப்பு குறைவு. மேடை கட்டிக் கூரை போட்ட பிறகு பேசுவது யாருக்கும் நல்லதில்லை.

இது யாருடைய பூங்கா?

புகார் கொடுக்கப் போய் அலைகிறவர்களில் பாதிப் பேர் தவறான அலுவலகத்துக்குப் போனவர்கள். எல்லாப் பூங்காவும் நகராட்சியுடையது இல்லை. கிருஷ்ணகிரி அணைப் பூங்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்பெண்ணையின் குறுக்கே காமராசர் முதல்வராக இருந்த காலத்தில் கட்டிய அணை அது. ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரி மட்டுமில்லை, சுற்றுவட்டாரமே சாப்பாட்டுக் கூடையோடு அங்கேதான் இருக்கும். அணையை ஒட்டிய பூங்கா நீர்வளத்துறையின் பொறுப்பு. அங்கே ஒரு சறுக்குமரம் உடைந்தால் கிருஷ்ணகிரி நகராட்சி அலுவலகத்தில் மனு கொடுத்துப் பயன் இல்லை.

நகராட்சி எல்லைக்குள் இருக்கும் சாதாரணப் பூங்கா என்றால் நகராட்சி. பேரூராட்சி என்றால் செயல் அலுவலர். ஓசூர் 2019-இலிருந்து மாநகராட்சி. தருமபுரி, கிருஷ்ணகிரி நகரங்களின் விளிம்பில் நிறைய மனைப்பிரிவுகள் ஊராட்சிகளில்தான் இருக்கின்றன. பேச்சில் 'டவுன்' என்று சொன்னாலும் காகிதத்தில் அது ஊராட்சியாக இருக்கும். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். யாருக்கு வரி கட்டுகிறீர்களோ அவர்களிடம்தான் பூங்காவையும் கேட்க வேண்டும்.

ஏரிக்கரைப் பூங்காக்கள் கொஞ்சம் சிக்கலானவை. தருமபுரி ராமாக்கல் ஏரி, ஓசூர் ராமநாயக்கன் ஏரி போன்ற இடங்களில் நீர்ப்பரப்புக்கு ஒரு சட்டம், கரையில் நடக்கும் நடைபாதைக்கு வேறு நிர்வாகம் என்று இருக்கலாம். ஏரிக்குள் ஆக்கிரமிப்பு என்றால் 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் இருக்கிறது. கரையில் விளக்கு எரியவில்லை என்பதற்கு அந்தச் சட்டம் உதவாது.

நகராட்சிக்குள்ளேயும் யாரைப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டால் வேலை சீக்கிரம் நடக்கும். ஊஞ்சல், விளக்கு, மோட்டார், நடைபாதை எல்லாம் பொறியியல் பிரிவு. குப்பை, கழிப்பறைச் சுத்தம், கொசு ஆகியவை சுகாதாரப் பிரிவு. பார்க் சைட் ஆக்கிரமிப்பு, எல்லை அளப்பது, தானப் பத்திரம் ஆகியவை நகரமைப்புப் பிரிவு. மூன்றையும் ஒரே மனுவில் எழுதினால் அது மூன்று மேசைக்கும் போய் எங்கேயும் நிற்காது. தனித்தனி மனுவாக எழுதுங்கள்.

பூங்காவைப் பராமரிப்பது நகராட்சி மனமிரங்கிச் செய்யும் உபகாரம் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் சேர்த்த பன்னிரண்டாவது அட்டவணை நகர உள்ளாட்சிகளுக்கு உரிய 18 பணிகளைப் பட்டியல் போடுகிறது. அதில் 12-ஆவது பணி பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் போன்ற வசதிகள்.

பலகையில் இருக்கும் விதிகள்

இப்போது வாசல் பலகைக்கு வருவோம். நேரம், கட்டணம், எதற்கு அனுமதி என்பவற்றை அந்தந்த உள்ளாட்சி தீர்மானித்துக்கொள்ளலாம். அதனால் பூங்காவுக்குப் பூங்கா மாறும். ஆனால் காவலாளியின் வாய்ச்சொல் விதி ஆகாது. பலகையில் எட்டு மணி வரை என்று இருக்கும்போது ஏழு மணிக்கே விசில் ஊதினால், "அண்ணா, எட்டு மணின்னுதானே போட்டிருக்கு" என்று பொறுமையாகக் கேட்கலாம். அவரும் நாள் முழுக்கத் தனியாளாக நிற்பவர். மாற்றி விட ஆள் இல்லாததால் சீக்கிரம் பூட்டுகிறார் என்றால், அது அவரிடம் சண்டை போட வேண்டிய விஷயம் இல்லை, நகராட்சியிடம் கேட்க வேண்டிய விஷயம்.

சில விதிகளுக்கு நகராட்சிகூடத் தேவையில்லை, மாநிலம் முழுக்கப் பொது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. பிறந்தநாள் கேக் வெட்ட வருகிறவர்கள் கொண்டுவரும் பிளாஸ்டிக் தட்டும் கப்பும் அதில் அடக்கம். ஒலிபெருக்கிக்கு முன் அனுமதி வேண்டும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள். விடியற்காலை ஐந்து மணிக்கு நடைப்பயிற்சிக் குழு ஸ்பீக்கரில் பக்திப் பாடல் போடுவதும் இதில் வரும். பாட்டு நல்ல பாட்டுதான். ஆனால் மதில் ஒட்டிய வீட்டில் இரவுப் பணி முடித்து வந்து படுத்தவர் இருப்பார்.

பந்து விளையாட்டைப் பற்றித்தான் அதிகச் சண்டை. பூங்காவில் கிரிக்கெட் கூடாது என்ற விதி பல இடங்களில் இருக்கிறது. சிறு குழந்தைகளும் வயதானவர்களும் நடக்கும் இடத்தில் வேகமாக வரும் பந்து ஆபத்து என்பது நியாயம். ஆனால் பையன்களை விரட்டிவிட்டு அவர்களுக்கென்று ஒரு திடலைக் காட்டாமல் இருப்பது நியாயம் ஆகாது. 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே பூங்காவும் விளையாட்டுத் திடலும் தனித்தனியாக இருக்கின்றன. இரண்டும் வேண்டும். வார்டில் திடல் ஒன்று வேண்டும் என்று கேட்பதும் பூங்காவைக் காப்பதில் சேர்ந்ததுதான்.

நாய் விஷயத்தில் இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வளர்ப்பு நாய் என்றால் அந்தப் பூங்காவின் விதி. அனுமதி இருந்தாலும் கயிறு கட்டாயம், அசிங்கம் செய்தால் எடுத்துப்போடுவது உரிமையாளர் வேலை. தெருநாய்க்கு 2023-ஆம் ஆண்டு விலங்கு பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் உண்டு. அதன்படி தெருநாய்களுக்குச் சோறு வைக்கும் இடத்தை, குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் வழிப்பாதைகளுக்கும் தள்ளித் தனியாகக் குறிக்க வேண்டும். சறுக்குமரத்தின் கீழே பிஸ்கட் போடுகிற அன்பு உள்ளங்களுக்கு இதை எடுத்துச் சொல்லலாம்.

பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசும் ஆணையும் பெண்ணையும் எழுப்பிவிடுவதை ஒரு விதிபோலவே சில இடங்களில் நடத்துகிறார்கள். அப்படி ஒரு சட்டம் இல்லை. மற்றவர்களுக்கு இடைஞ்சல் செய்யாதவரை பூங்காவில் உட்கார எல்லோருக்கும் உரிமை உண்டு.

வாசலைப் பற்றியும் ஒன்று. மாடும் பைக்கும் நுழையாமல் இருக்கச் சுழல் கேட்டோ, வளைந்து நுழையும் கம்பி வழியோ வைக்கிறார்கள். நோக்கம் சரி. அதே வழியில் சக்கர நாற்காலியும் நுழைய முடியாமல் போகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்துவிட்டது. பொது இடங்கள் அவர்கள் வந்துபோக ஏற்றதாக இருக்க வேண்டும். ஓரத்தில் தனிக் கதவு ஒன்றும், ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளமும் இருந்தால் போதும். அந்தத் தனிக் கதவுக்குப் பூட்டு போட்டு, சாவி எங்கே என்று யாருக்கும் தெரியாமல் இருந்தால் கதவு இருந்தும் பயனில்லை.

பராமரிப்பு என்றால் என்ன?

திறப்பு விழா அன்று பூங்கா அழகாகத்தான் இருக்கும். அடுத்த சித்திரையில் பார்க்க வேண்டும். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் வறண்ட மண். தண்ணீர்தான் இங்கே பூங்காவின் ஆயுளை முடிவு செய்கிறது. அழகுக்கென்று புல்வெளி விரித்தால் கோடை முழுக்கத் தினமும் தண்ணீர் கேட்கும். குடிநீருக்கே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை நம்பியிருக்கிற ஊரில் அது கட்டுப்படியாகாது. வேம்பு, புங்கன், பூவரசு, நாவல் போன்றவை முதல் இரண்டு மூன்று கோடையைத் தாண்டிவிட்டால் அப்புறம் தானாகவே நிற்கும். நிழலும் தரும். சீக்கிரம் பச்சையாகத் தெரிகிறது என்று கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தை வரிசையாக நட்ட காலம் ஒன்று இருந்தது. தமிழ்நாடு அரசு 2025-இல் அதை நடுவதற்குத் தடை விதித்துவிட்டது.

மரத்தடியைச் சுற்றி சிமென்ட் போட்டு மேடை கட்டுவது நம் ஊர் வழக்கம். உட்கார வசதிதான், ஆனால் தண்டை ஒட்டிச் சிமென்ட் வந்தால் வேருக்கு நீரும் காற்றும் போகாது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் தில்லி மரங்களுக்குச் சொன்னது, தண்டைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்கு சிமென்ட் இருக்கக் கூடாது என்று. நம் பூங்காவிலும் அதையே கடைப்பிடிக்கலாம். பொது இடத்து மரத்தை வெட்ட வேண்டி வந்தால் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். வார்டு ஆள் சொன்னார், ஒப்பந்தக்காரர் வெட்டினார் என்பது முறையில்லை.

உதிர்ந்த இலையைக் கூட்டி மூலையில் தீ வைப்பதைத் தினமும் பார்க்கிறோம். பொது இடத்தில் கழிவை எரிக்கக் கூடாது என்று 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. விதியை விடுங்கள், அந்த இலை இந்த மண்ணுக்கு வேண்டும். செடியின் அடியில் நான்கு விரல் உயரத்துக்கு இலையைப் பரப்பி விட்டால் மண் சீக்கிரம் காயாது, தண்ணீர்ச் செலவு குறையும். மிச்சத்தை மூலையில் ஒரு குழியில் போட்டுத் தண்ணீர் தெளித்து வைத்தால் சில மாதத்தில் உரம்.

பூங்காவில் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து வரும் குழாய் இருக்கும். விளையாடிக் களைத்த பிள்ளைகள் நேராக வாயை வைத்துக் குடித்துவிடும். நம் மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பற்களில் பழுப்புக் கறை விழுவதும் எலும்பு பாதிப்பதும் அதனால்தான். ஒகேனக்கல் திட்டம் வந்ததற்கே அது ஒரு முக்கியக் காரணம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. ஆகவே செடிக்கான குழாயில் 'குடிப்பதற்கு அல்ல' என்று பெரிதாக எழுத வேண்டும், படமும் போட வேண்டும். குடிநீருக்குத் தனிக் குழாய் வேண்டும். இந்தப் பலகை பூப்பறிக்காதே பலகையைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பழைய டயரில் வண்ணம் பூசிப் பாதி புதைத்து வைப்பது இப்போது நிறைய இடத்தில் இருக்கிறது. குழந்தைகளுக்குப் பிடிக்கும், செலவும் குறைவு. மழை பெய்தால் டயரின் உள்வளைவில் தண்ணீர் தேங்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தக் கொஞ்சம் தண்ணீர் போதும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள்தான் ஆகும். டயரின் அடியில் துளை போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. ஓடாத நீரூற்றின் தொட்டிக்கும் இதே கதிதான்: ஓட வையுங்கள், இல்லையென்றால் மண் போட்டுச் செடி வையுங்கள்.

அடுத்தது ஊஞ்சல். ஊஞ்சலில் விபத்து வருவது சங்கிலி அறுந்து மட்டும் இல்லை. மேல் கம்பியில் சங்கிலி மாட்டியிருக்கும் கொக்கி தேய்ந்தும் வரும். கீழே நின்று பார்த்தால் தெரியாது. ஏணி போட்டு ஏறி, கொக்கியின் உள்வளைவைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கம்பி பாதி தடிமனுக்குத் தேய்ந்து பளபளவென்று இருந்தால் அன்றே மாற்ற வேண்டும். ஊஞ்சலின் அடியில் காலால் உரசி உரசிக் குழி விழுந்திருக்கும். மழைக்கு அது குட்டை, வெயிலுக்கு அது கட்டாந்தரை. அங்கே ஆற்று மணலோ மரத்தூளோ ஓர் அடி ஆழத்துக்கு இருந்தால் விழுந்தாலும் அடி குறையும். தகரச் சறுக்குமரத்தை மேற்குப் பார்த்து வைத்தால் மாலை நான்கு மணிக்குத் தொட முடியாது. பிள்ளைகள் வரும் நேரமே அதுதான். மரநிழலில் வைக்க வேண்டும்.

விளக்குக் கம்பத்தின் அடியில் சின்ன மூடி ஒன்று இருக்கும், உள்ளே மின் இணைப்பு. அந்த மூடி காணாமல் போய் ஒயர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், மனு எழுதிக் காத்திருக்க வேண்டாம். உடனே போன் செய்து, யாரும் கிட்டே போகாதபடி ஆள் நிறுத்துங்கள். மழைக்காலத்தில் இதைவிட அவசரமான பூங்காப் புகார் கிடையாது.

கழிப்பறை பல இடங்களில் பூட்டியே இருக்கும். தண்ணீர் இணைப்பும் சுத்தம் செய்ய ஆளும் இல்லாமல் கட்டடத்தை மட்டும் கட்டி முடித்திருப்பார்கள். அதனால் அதிகம் அவதிப்படுவது பெண்களும் சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களும். ஒரு பூங்காவுக்குப் பெண்கள் வருகிறார்களா என்பதைத் தீர்மானிப்பது இரண்டு: திறந்திருக்கும் கழிப்பறை, இருட்டின பிறகும் எரியும் விளக்கு.

நாம் செய்யக்கூடியது

குடியிருப்போர் சங்கம் இருந்தால் 'நமக்கு நாமே' திட்டம் உதவும். பூங்கா, விளையாட்டுத் திடல் போன்ற வேலைகளுக்கு மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால் மீதியை அரசு போடும். நீர்நிலைச் சீரமைப்பு என்றால் மக்கள் பங்கு பாதி. சங்கம் பணம் போட்டு உருவாக்கினாலும் பூங்கா சங்கத்துக்குச் சொந்தம் ஆகாது. அடுத்த தெருக் குழந்தைகளை உள்ளே விடமாட்டோம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இதைத் தொடக்கத்திலேயே எல்லோரும் ஒத்துக்கொண்டால் பின்னால் தகராறு வராது.

நகரத்தில் பகுதி சபைக் கூட்டம், ஊராட்சியில் கிராம சபைக் கூட்டம். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாட்கள் நடக்கும். பார்க் சைட்டை அளந்து வேலி போட வேண்டும் என்று அங்கே தீர்மானம் போடச் சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்து வர வேண்டும்.

புகார் எழுதும்போது "பூங்காவைச் சீரமைத்துத் தரவும்" என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்தப் பூங்கா, எந்த வார்டு, எது உடைந்திருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து என்று எழுதிப் புகைப்படம் சேருங்கள். நேரில் கொடுத்தால் ஒப்புகை வாங்குங்கள். முதல்வரின் உதவி மையம் 1100-க்கும் சொல்லலாம். மனு எண் தருவார்கள், அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எதற்கும் பதில் இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுத வேண்டும். ஏன் செய்யவில்லை என்று கேட்டால் பதில் வராது. ஆவணத்தைக் கேட்க வேண்டும். இந்தப் பூங்காவுக்குச் சென்ற நிதியாண்டில் எவ்வளவு செலவு செய்யப்பட்டது, பராமரிப்பு ஒப்பந்தம் யாருக்கு, ஒப்பந்தத்தில் என்னென்ன வேலைகள், வார்டில் உள்ள பூங்கா இடங்களின் பட்டியல், அவற்றின் தானப் பத்திர எண்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம், அதற்குக் கட்டணம் இல்லை. செலவுக் கணக்கும் ஒப்பந்த நகலும் கைக்கு வந்த பிறகு, அதை எடுத்துக்கொண்டு பூங்காவுக்குள் ஒரு சுற்று நடந்து, எழுதியிருக்கும் ஒவ்வொரு வேலையும் நடந்திருக்கிறதா என்று சரிபார்த்து, நடக்காததைக் குறித்து அடுத்த மனுவை எழுதுங்கள்.